மணிக்கட்டு மரப்பும் நம் மூலிகைகளும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்களில் கையை நம்பாத தொழில் எதுவும் இல்லை எனலாம். அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளையிலும் தறி ஓடுகின்றது. செவ்வாய்ப்பேட்டைச் சுற்றுப்புறத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள்; நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள்; திருச்செங்கோட்டிலோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். ஊர்தோறும் கறவை மாடும் மரவள்ளிக் காடும் உண்டு. இத்தொழில்களில் பல்லாண்டு உழைத்தோரிடம் ஒரு குறை பரவலாகக் காணப்படுகிறது. நடுச்சாமத்தில் கை மரத்துப்போய் உறக்கம் கலைகிறது. கட்டைவிரலும் அதனை அடுத்த இரு விரல்களும் ஊசி குத்தினாற்போல் எரிகின்றன. கையை நன்கு உதறினால் சற்றே தணிகிறது. வாயு என்று சிலர் இதனைத் தள்ளிவிடுவர். வயதாகிவிட்டது என்று வேறு சிலர் ஆறுதல் கொள்வர்.

இதன் காரணத்தை அறிந்துகொள்ள மணிக்கட்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். உள்ளங்கை தொடங்கும் இடத்தில் சிற்றெலும்புகள் வளைந்து ஒரு வாய்க்கால்போல் அமைந்துள்ளன. அவ்வாய்க்காலின் மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று மூடிபோல் இறுகக் கட்டியிருக்கிறது. இக்குறுகிய வழியே விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் அவற்றோடு நடுநரம்பு ஒன்றும் செல்கின்றன. ஓயாத பிடியினாலும் அதிர்வினாலும் தசைநாண்களின் உறை தடித்து வீங்குமாயின், இடம் போதாமல் நசுங்குவது மென்மையான நரம்பேயாகும். மணிக்கட்டு மடங்கியிருக்கும்போது அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. உறக்கத்தில் நாம் அறியாமலே கையை மடக்கிக்கொள்கிறோம் அன்றோ? இரவில் தொல்லை மிகுவதற்கு இது முக்கிய காரணம். அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஃபேலன் என்பார் 1950-களில் இந்நோயை மருத்துவ உலகிற்கு நன்கு விளக்கினார். அவர் கூறிய சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரு புறங்கைகளும் ஒன்றோடொன்று பொருந்துமாறு மணிக்கட்டுகளை மடக்கி, விரல்கள் கீழ் நோக்க, ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் மரப்புத் தோன்றினால் நடுநரம்பின் மீது ஐயம் கொள்ளலாம்.

நரம்பு நசுங்கத் தொழில் மட்டுமே காரணமன்று. நீரிழிவு, தைராய்டுச் சுரப்பிக் குறைவு, மூட்டு வாதம், பழைய எலும்பு முறிவு ஆகியவையும் காரணமாகலாம். கருவுற்ற தாய்மார்களுக்கும் இது வருவதுண்டு. பேறு முடிந்தபின் பெரும்பாலும் தானே நீங்கிவிடும்.

இனி மூலிகைக்கு வருவோம். நம் சமவெளியில் இதற்குப் பஞ்சமில்லை. வேலியோரம் நொச்சி செழித்திருக்கிறது. முடக்கறுத்தான் கொடி புதரெல்லாம் படர்கிறது. வாதமடக்கி என்று நம் மக்கள் அழைக்கும் வாதநாராயண மரம் காட்டோரங்களில் நிற்கிறது. ஆமணக்கு மானாவாரிக் காட்டின் பழைய பயிர். மஞ்சளைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். நாமகிரிப்பேட்டைச் சந்தைக்கு வரும் மஞ்சளை அறியாதார் யார்? மேட்டூர் அணையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஒரு மூலிகைத் தோட்டத்தை நடத்தி வருகிறது. ஒரே பெயரில் பல செடிகளும், ஒரு செடிக்குப் பல பெயர்களும் வழங்கும் நம் நாட்டில், செடியை நேரிற் கண்டு தெரிந்துகொள்ள அத்தகைய தோட்டம் மிகவும் பயன்படும்.

நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பது நம் பாட்டிமார் கண்ட முறை. ஆமணக்கு இலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டிக் கட்டுவதும் அவ்வாறே. இளஞ்சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. தேய்க்கும் கையின் இதமும் வலியைக் குறைக்கிறது. சித்த மருத்துவர் தரும் வாதகேசரித் தைலம், உளுந்துத் தைலம் முதலியவற்றை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மென்மையாக நீவிவிடலாம். மணிக்கட்டின் உட்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிசைதல் கூடாது. நசுங்கிய நரம்பை மேலும் நசுக்குவதாகவே அது முடியும். முடக்கறுத்தான் தோசையும், வாதநாராயணன் தழையும் கேழ்வரகு மாவும் சேர்த்துத் தட்டிய அடையும் நல்ல உணவுகள். வாதநாராயணன் வயிற்றை இளக்கும் தன்மையுடையதாதலின் கருவுற்றோர் அதனைத் தவிர்ப்பது நன்று.

மஞ்சளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியிருக்கிறது. அதிலுள்ள மஞ்சள் நிறச் சத்து வீக்கத்தைத் தணிக்கவல்லது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் உண்ணும் மஞ்சளில் மிகச் சிறு பகுதியே இரத்தத்திற் சேருகிறது. மிளகின் காரச்சத்தோடு கொடுத்தால் அச்சத்து உடலிற் சேரும் அளவு பெரிதும் கூடுவதை 1998-இல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். மிளகும் மஞ்சளும் கலந்த பால் அருந்தும் நம் வழக்கம் பொருளற்றதன்று என்பதற்கு இது சான்று. எனினும் மணிக்கட்டு நரம்பு நெரிசலை மஞ்சள் தீர்த்தது என்று உறுதியாகக் கூறுமளவுக்குச் சான்று இல்லை. மஞ்சள் சத்தைப் பிழிந்தெடுத்து மிளகுச் சத்தும் சேர்த்துக் குப்பிகளில் விற்கும் மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்களும் உண்டு. குழம்பில் இடும் மஞ்சளுக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. சொந்தக் காட்டில் விளைந்த மஞ்சளை இடித்து உண்போருக்கு மாத்திரை எதற்கு?

வெளிநாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. ஈரான் நாட்டு மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நோய் கடுமையாகாத நிலையில் ஆளிவிதை எண்ணெயை மணிக்கட்டில் தடவியதால் ஓரளவு நலம் கிட்டியதாகக் கண்டனர். அமெரிக்காவில் 1998-இல் வெளியான வேறோர் ஆய்வில், 8 வாரம் யோகாசனம் பயின்றோருக்கு வலி குறைந்து பிடிவலிமை கூடிற்று. இரண்டும் சிறிய ஆய்வுகளே.

மருந்துக் கடையில் நரம்புக்கு என்று கேட்டு வாங்கும் மாத்திரைகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அவற்றில் பி-6 என்னும் உயிர்ச்சத்து இருப்பது வழக்கம். நாளொன்றுக்கு நம் உடலுக்கு வேண்டியது ஏறத்தாழ 2 மில்லிகிராமே. 100 மில்லிகிராம், 200 மில்லிகிராம் என்று மாதக்கணக்கில் விழுங்கினால் அதே சத்து நரம்பைக் கெடுத்து, புதிய மரப்பை உண்டாக்கும். மரப்பு மிகுந்துவிட்டதென்று மேலும் மாத்திரை வாங்குவோரும் உளர்! பி-12 சத்தின் நிலை வேறு. அது குறைந்தால் கைகால் மரப்பது உண்மை. மரக்கறி உணவில் அது அனேகமாக இல்லை. பாலிலும் முட்டையிலும் மீனிலும் இறைச்சியிலும் உண்டு. நாடெங்கும் முட்டை அனுப்பும் நாமக்கல்லில் வாழ்வோர் இதற்காகத் தொலைவிற் போக வேண்டியதில்லை. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உண்போருக்கு இச்சத்துக் குறைவதுண்டு. அவர்கள் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

ஒற்றடத்தைப் புகழ்ந்தோம். அதில் மறைந்துள்ள தீங்கையும் கூறுவது நம் கடமை. மரத்த கைக்குச் சூடு தெரியாது. செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி ஒற்றும்போது தோல் வெந்து கொப்புளித்தாலும் நோயாளி அறியமாட்டார். நீரிழிவு உடையவராயின் அப்புண் ஆறுவதும் அரிது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியிலிருந்து தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்துவந்த டாக்டர் பால் பிராண்டு, அந்நோயாளரின் விரல்கள் நோயால் தாமே அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற கையில் நேரும் தீப்புண்ணும் வெட்டுக் காயமுமே பெரும்பாலும் அவற்றை அழிக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். ஆதலின் ஒற்றடத்தின் சூட்டை எப்போதும் நோயில்லாத மற்றொருவர் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்த பின்னரே கொடுக்க வேண்டும்.

தொழுநோயைக் குறிப்பிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. மரப்பு சுண்டுவிரற் பக்கம் இருந்தாலோ, உடலில் எங்கேனும் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் கண்டாலோ, அது மணிக்கட்டு நெரிசலன்று, தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாக மருந்து தருகிறார்கள். நோயும் முற்றிலும் நீங்கும். எண்ணெய் தேய்த்தபடி ஓராண்டைக் கழித்துவிட்டால் விரல் மடங்கிப் போகக்கூடும்.

பச்சிலையினும் மாத்திரையினும் முந்திச் செய்யத்தக்கது ஒன்றுண்டு: இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தி வைத்தல். மருந்துக் கடைகளில் இதற்குப் பட்டைகள் கிடைக்கின்றன. வாங்க இயலாதோர் பனை மட்டையையோ மூங்கிற் சிம்பையோ நன்கு இழைத்து, பிசிறு நீக்கி, பழந்துணி சுற்றி, முன்கையின் பாதியிலிருந்து உள்ளங்கை நடுவரை வைத்துத் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும்; விரல் நீலம் பாய்ந்தால் கட்டு இறுகிவிட்டது என்று பொருள். 6 வாரம் விடாது செய்தால் தொடக்க நிலையிலுள்ளோர் பலருக்கு நல்ல தணிவு கிடைக்கும்.

பகலில் தொழில் செய்யும் முறையையும் சற்று மாற்றிக்கொள்ளலாம். நாடாக் கயிற்றின் பிடி மெல்லியதாக இருந்தால் துணி சுற்றித் தடிப்பாக்கினால் கை இறுகப் பற்ற வேண்டியிராது. மாடு கறப்போர் கட்டைவிரலை மடக்கி அதன் கணுவால் காம்பை நெருக்கும் வழக்கத்தை விட்டு, முழுக்கையாற் பிடித்துக் கறத்தல் வேண்டும். மாட்டின் காம்புக்கும் அதுவே நல்லது. அதிரும் கருவி பிடிப்போர் மணிக்கொரு முறை கையை விரித்து ஆற்றுவதற்கு முதலாளிமார் இடம் தரவேண்டும். ஐந்து நிமிடத்தால் எந்தப் பட்டறையும் நொடித்துவிடாது.

இவற்றால் இரண்டொரு மாதத்தில் தணியாவிடில் தாமதிக்கலாகாது. சித்த மருத்துவப் பிரிவு உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரு முறை மருத்துவர்களையும் ஒரே வளாகத்திற் காணலாம். நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கட்டைவிரலின் அடியிலுள்ள மேட்டுச் சதையை மட்டும் அடிக்கடி நோக்கி வாருங்கள். இரு கைகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தால் மெலிந்தது தெரியும். அச்சதை வற்றத் தொடங்கினால், சட்டைப் பொத்தான் போடவும் அறுந்த இழையை முடிச்சிடவும் கை தடுமாறும். முற்றிலும் வற்றியபின் அறுவை செய்தாலும் பழைய வலிமை திரும்புவது ஐயமே.

அறுவையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கையை மட்டும் மரக்கச் செய்து, வாய்க்காலின் மூடியாக உள்ள நார்ப்பட்டையை அறுத்து நரம்புக்கு இடம் தருவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். விரல்களை மறுநாளிலிருந்தே அசைக்க வேண்டும். இலேசான வேலைகளைச் சில வாரங்களில் தொடங்கலாம். தறியும் சம்மட்டியும் ஒன்றரை மாதமேனும் காத்திருக்கட்டும். தையல் பிரித்துப் புண் நன்கு ஆறியபின், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தழும்பின் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவி நாள்தோறும் மெல்ல நீவி வரலாம்.