10,080 காரணிகள் கொண்ட எண்

6746328388800 என்பது 13 இலக்க எண். வாய்விட்டுச் சொன்னால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இதில் மீதி வராது; 29-இல்தான் முதன்முதலாக மீதி வரும். இதன் காரணிகள் மொத்தம் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை.

தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சிவிடும் எண்ணை உயர் பகு எண் என்பார்கள். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று அந்த வரிசை போகிறது. 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜன் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களை அதில் அவர் பட்டியலிட்டார். 6746328388800 அந்தப் பட்டியலின் கடைசி எண்.

பகா எண்களாகப் பிரித்தால்தான் இந்த எண்ணின் அழகு தெரியும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒரு காரணியை உருவாக்க, 2-ஐ ஒருமுறைகூட எடுக்காமல் விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். 3-க்கு ஐந்து வழிகள், 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற ஐந்து பகா எண்களுக்கும் இவ்விரண்டு. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. இந்த 10,080-உம் ஓர் உயர் பகு எண் என்பது வியப்பான பொருத்தம்.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று ஏறாமல் இறங்கி வருவது தற்செயல் அல்ல. 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றினால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் பெரிதாகிவிடும். இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாததற்கும் இதே நியாயம்தான்: 23-ஐ நீக்கி 29-ஐ வைத்தால் வீண்செலவு. 23-க்குப் பதிலாக அதைவிடச் சற்றுப் பெரிய 24-ஆல், அதாவது 2³ × 3-ஆல், பெருக்கினால் என்ன ஆகும்? எண் பெருகும், காரணிகளோ 8,640-ஆகக் குறைந்துவிடும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும், 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விதிவிலக்கு என்றும் ராமானுஜன் நிறுவினார். அடுக்குகளை இவ்வளவு நுணுக்கமாக அவருக்கு முன் யாரும் ஆராய்ந்ததில்லை.

கையால் போட்ட அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 5,040 காரணிகள் கொண்ட 293318625600. அதை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் பட்டியலின் கடைசி எண்.

இந்த ஆய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. கட்டுரை வெளியானபோது லண்டன் கணிதச் சங்கம் பண நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகாமல் நின்றது. அதைக் கணிதவியலாளர்கள் நிக்கோலாவும் ரோபினும் குறிப்புகளுடன் 1997-இல் வெளியிட்டார்கள்.