ஒரே வீடு.. ஒரு ரூம் மட்டும் ஏன் அடுப்பு மாதிரி கொதிக்குது? காரணமும் தீர்வும்!

வெளியில் 38 டிகிரி வெயில். வீட்டு ஹாலில் ஃபேன் போட்டால் ஓரளவு சமாளிக்க முடிகிறது. ஆனால் அதே வீட்டின் பெட்ரூமுக்குள் காலை வைத்தால் அனல் முகத்தில் அடிக்கிறது. ராத்திரி 11 மணிக்கும் மெத்தை சூடாக இருக்கிறது. ஃபேனை 5-ல் வைத்தாலும் சுடுகாற்றுதான் வருகிறது.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் கதை இது. "இந்த ரூம் ராசியே அப்படித்தான்" என்று விட்டுவிடுபவர்களும் உண்டு, உடனே ஏசி வாங்குபவர்களும் உண்டு. ஆனால் ஒரே வீட்டுக்குள் ரூமுக்கு ரூம் வெப்பம் மாறுவதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பிரச்னை முடிந்த மாதிரிதான்.

முதல் காரணம் தலைக்கு மேலே!

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. இதனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதாவது கோடையில் அதிக வெயிலை வாங்குவது சுவர் அல்ல, மொட்டை மாடி.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிலோவாட் வரை வெப்பம் விழும். 10-க்கு 12 அடி ரூமின் மேல்தளம் சுமார் 11 சதுர மீட்டர். அப்படியென்றால் அந்த ஒரு ரூமின் தலையில் மட்டும் 11 கிலோவாட். ஆனால் 1 டன் ஏசியால் வெளியேற்ற முடிவது சுமார் 3.5 கிலோவாட்தான். விழும் வெப்பம் முழுக்க உள்ளே வந்துவிடாது, ஒரு பகுதிதான் வரும். ஆனால் அந்த ஒரு பகுதியே ரூமை வாட்டி எடுக்கப் போதும்.

ராத்திரியில் ஏன் அதிகமா சுடுது?

தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் அனல் அடிக்கும் அல்லவா? கான்கிரீட்டும் அப்படித்தான். பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, சில மணி நேரம் தாமதமாகத்தான் அதை உள்பக்கம் விடும். வெளியில் காற்று குளிர ஆரம்பிக்கும் மாலையில்தான் சீலிங் உச்ச சூட்டில் இருக்கும். அப்போது ஃபேன் போட்டால், சீலிங்குக்குக் கீழே தேங்கியிருக்கும் சூடான காற்றையே அது கீழே தள்ளும்.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளணும். ஃபேன் ரூமைக் குளிர வைக்காது. நம் உடம்பில் உள்ள வியர்வையை உலர்த்துவதால்தான் நமக்குக் குளிர்ச்சி தெரிகிறது.

தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளின் நிலைமை வேறு. பகலில் அங்கே உட்காரவே முடியாது. ஆனால் ஷீட் மெல்லியது என்பதால் ராத்திரியில் கான்கிரீட்டைவிட சீக்கிரம் சூடு ஆறிவிடும்.

மேற்கு ரூம்.. ஏன் இப்படி?

கிழக்குச் சுவர் மீதும் மேற்குச் சுவர் மீதும் விழும் வெயில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனால் காலையில் காற்று குளிர்ச்சியாக இருக்கும். கிழக்குச் சுவர் வாங்கிய சூட்டை விடுவதற்கு நாள் முழுக்க நேரமும் இருக்கும். மேற்குச் சுவருக்கு வெயில் வருவதே மதியத்துக்கு மேல், காற்று ஏற்கெனவே கொதித்துப் போயிருக்கும் நேரத்தில். அந்தச் சூடு உள்ளே வந்து சேர்வது நாம் படுக்கப் போகும் நேரத்தில்.

வாஸ்துப்படி வீடு கட்டும் பலர் கன்னி மூலை எனப்படும் தென்மேற்கில்தான் மாஸ்டர் பெட்ரூமை வைக்கிறார்கள். கூடவே அது மேல் மாடியாகவும் இருந்துவிட்டால், மாலை வெயிலையும் உச்சி வெயிலையும் சேர்த்து வாங்கும் ரூமில்தான் வீட்டில் உள்ளவர்கள் தூங்குகிறார்கள் என்று அர்த்தம்.

தெற்குச் சுவர்தான் எப்போதும் சுடும் என்பது பலரின் நினைப்பு. ஆனால் மே முதல் ஜூலை வரை சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். அதனால் கத்திரி வெயில் காலத்தில் தெற்குச் சுவரால் வரும் பிரச்னை குறைவு.

காற்றுக்கு வழி இருக்கா?

ஒரே ஒரு ஜன்னல் உள்ள ரூமில் காற்று உள்ளே வந்தாலும் வெளியேற வழி இருக்காது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். ஹால் ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால் ஹால் ஜில்லென்று இருக்கும். மேற்கு பெட்ரூமின் கதவைச் சாத்தி வைத்திருந்தால் அந்தக் காற்று அங்கே எட்டியே பார்க்காது.

இது போக, சின்னச் சின்னக் காரணங்களும் உண்டு. ஃப்ரிட்ஜ் தனக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளித்தான் குளிர்விக்கிறது. அந்தச் சூடு அது இருக்கும் ரூமில்தான் சேரும். பக்கத்து ரூம் ஏசியின் அவுட்டோர் யூனிட் உங்கள் ஜன்னலுக்கு நேராக இருந்தால், அந்த அனலும் உள்ளே வரும்.

இது வெறும் அசௌகரியம் மட்டுமா?

இல்லை. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வில், கட்டடத்தின் மேல் மாடியில் வசித்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது தெரியவந்தது. 2003-ல் பிரான்ஸில் சுமார் 15,000 பேர் பலியான வெப்ப அலையிலும், கூரைக்கு நேர் கீழே படுக்கையறை இருந்தது ஆபத்தைக் கூட்டிய காரணங்களில் ஒன்றாகக் கண்டறியப்பட்டது.

பகலில் வெயிலில் பட்ட பாட்டிலிருந்து உடம்பு மீண்டு வருவது ராத்திரி தூக்கத்தில்தான். அந்த நேரத்திலும் ரூம் கொதித்தால் உடம்புக்கு ஓய்வே கிடைக்காது. வீட்டுக்குள் பகலில் 32 டிகிரிக்குக் கீழும், இரவில் 24 டிகிரிக்குக் கீழும் வைத்திருக்க முயற்சிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நம்ம ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாமல் 24 டிகிரி நடக்காத காரியம். ஆனால் வீட்டிலேயே குறைந்த சூடு உள்ள ரூம் எது என்று தெரிந்து அதைப் பயன்படுத்துவது எல்லோராலும் முடியும்.

எங்கிருந்து சூடு வருது? கண்டுபிடிப்பது எப்படி?

இரவு 8 மணிக்கு மொட்டை மாடியில், அந்த ரூமுக்கு நேர் மேலே வெறுங்காலுடன் நின்று பாருங்கள். தரை நன்றாகச் சுட்டால் குற்றவாளி மேல்தளம்.

பிறகு ரூமுக்குள் வந்து நான்கு சுவர்களிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் காரணம் மாலை வெயில்.

தரையும் சுடவில்லை, சுவரும் சுடவில்லை, ஆனால் ரூம் மட்டும் புழுங்குகிறது என்றால் காற்றோட்டம்தான் பிரச்னை.

அப்போ என்ன பண்ணலாம்?

மேல்தளம் சுட்டால்: மாடியில் வெள்ளை அடிப்பதுதான் செலவு குறைந்த வழி. சுண்ணாம்பு அடித்தாலே வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும், ஆனால் மழையில் கரையும். கூல் ரூஃப் பெயின்ட், வெள்ளை டைல்ஸ் அதிக நாள் உழைக்கும். ஆனால் அழுக்கு படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவணும். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்தது. கீற்றுப் பந்தல் அல்லது ஷேட் நெட் போடுவதாக இருந்தால், தரையோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டணும்.

மாடியில் தண்ணீர் தெளிப்பதும் பலன் தரும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதாக ஆவியானால் சுமார் 0.67 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் தளத்தில் விரிசல் இருந்தால் இதைச் செய்யக் கூடாது. தண்ணீர்ப் பஞ்சமான ஏரியாவில் இது சரிவரவும் செய்யாது.

மேற்குச் சுவர் சுட்டால்: ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி வெயில் வந்துவிட்டால் சூடும் உள்ளே வந்துவிட்டது என்றே அர்த்தம்.

காற்று இல்லை என்றால்: பகலில் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கும்போது ஜன்னலைச் சாத்துங்கள். இரவில் எல்லா ஜன்னலையும், ரூம்களுக்கு இடையே உள்ள கதவுகளையும் திறந்து விடுங்கள். சூடான ரூமின் ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்க்க வைத்தால், உள்ளே இருக்கும் அனலை வெளியே தள்ளும்.

ஏசி இருந்தால்: 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாக ஓட விடலாம். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம். மேல்தளத்துக்கு வெள்ளை அடிக்காமல் ஏசி மட்டும் போட்டால், இரண்டு மாதம் கழித்து வரும் கரண்ட் பில்லில் அது தெரியும்.

வாடகைக்கு இருப்பவர்கள் கவனத்துக்கு

ஓனர் சம்மதம் இல்லாமல் மாடியில் கை வைக்க முடியாது. ஆனால் கட்டிலை இடம் மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை. கோடை முடியும் வரை கிழக்கு ரூமிலோ ஹாலிலோ படுக்கலாம். புது வீடு பார்க்கப் போனால் காலையில் போகாதீர்கள், மாலை 6 மணிக்கு மேல் போய் ரூம் ரூமாக நின்று பாருங்கள்.

யாருக்கு அதிக ஆபத்து?

60 வயதைத் தாண்டியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள். இவர்களை அனல் அடிக்கும் ரூமில் படுக்க வைக்கக் கூடாது. ரூம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் உதவாது, உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது. யாராவது உளறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ, மயங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலான இடத்துக்கு மாற்றி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறி விடுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இன்றைக்கு ராத்திரியே அவர்கள் படுக்கும் ரூமின் சுவரில் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள்.