தோட்ட வாரியத்துக்கு 12 பேர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் குடவோலையைத் தேடித்தான் வருகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள், 30 குடும்புகள் (வார்டுகள்), பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கிச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன தேர்தல் என்று பள்ளிப் பாடத்தில் படித்ததெல்லாம் கண்ணெதிரே மண்டபச் சுவரில் இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதே கல்வெட்டில் இருக்கும் இன்னொரு கணக்கை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர்.

ஏரியை நம்பிப் பிழைத்த ஊர் அது. அங்கேயே தோட்டத்துக்கு இருமடங்கு ஆட்கள்! பூந்தோட்டம் மட்டும்தான் அவர்கள் பொறுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. செடி கொடி என்றால் தினமும் ஆள் வேண்டும், அந்த ஆளைக் கேள்வி கேட்க ஒரு சபை வேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பாடம் இன்று நினைவுத் தோட்டங்களுக்குத் தேவைப்படுகிறது. இறந்துபோனவரின் நினைவாகப் பொது இடத்தில் தோட்டமோ தோப்போ வைக்க நினைக்கும் குடும்பங்கள் இப்போது கூடிவருகின்றன. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கு எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பதில் மரக்கன்று கொடுக்கிறார்கள். பள்ளி மைதானத்தில், ஏரிக்கரையில், சுடுகாட்டுப் பாதையில் ‘இன்னார் நினைவாக’ என்ற பலகையோடு கன்றுகள் நிற்கின்றன. நல்ல பழக்கம்தான். இரண்டாவது கோடையில் போய்ப் பார்த்தால் சில இடங்களில் பலகை மட்டும் இருக்கும்.

உத்திரமேரூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உலகம் அறிந்த ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி, அங்கிருந்த தன் தாயார் இந்திரா காந்தியின் சிலைக்கு மாலை போட்டுவிட்டு மேடையை நோக்கி நடந்தபோது குண்டு வெடித்துக் கொல்லப்பட்டார். வரவேற்க வந்த கட்சிக்காரர்கள், காவலுக்கு நின்ற போலீஸார் எனப் பலரும் அவரோடு மாண்டார்கள். மத்தியப் பொதுப்பணித் துறை அங்கே கட்டிய நினைவிடத்தை 2003 அக்டோபர் 10 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். ராஜீவ் விழுந்த இடத்தைச் சுற்றி ஏழு தூண்கள். தர்மம், சத்தியம், நியாயம், விஞ்ஞானம், தியாகம், சாந்தி, செழிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். சுற்றிலும் புல்வெளியும் மரங்களும்.

நாட்டுக்கு அது தலைவரின் நினைவிடம். ஒரு குடும்பத்துக்கோ அப்பா கடைசியாக நின்ற இடம். கன்னியாகுமரியிலிருந்து நடைப்பயணம் புறப்படுவதற்கு முன், 2022 செப்டம்பர் 7 காலையில் ராஜீவின் மகன் ராகுல் காந்தி இங்கேதான் வந்து பிரார்த்தனையில் உட்கார்ந்தார். அரசு நினைவிடம் என்பதால் தண்ணீர் ஊற்றவும் புல் வெட்டவும் ஆள் இருக்கிறது. சாதாரணக் குடும்பம் வைக்கும் கன்றுக்கு அந்த வசதி கிடையாது.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் கருகிய 94 பிள்ளைகளுக்கும் ஒரு நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் அந்த நாளில் பெற்றோர் வந்து விளக்கேற்றுகிறார்கள். மற்ற நாட்களில் அதைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்வி எல்லா நினைவிடங்களுக்கும் பொது.

இந்தக் கேள்விக்கு நியூயார்க்கில் ஒரு மனைவி சொன்ன பதிலைப் பார்க்கலாம். பாடகர் ஜான் லெனன் 1980இல் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வீட்டுக்கு எதிரே, சென்ட்ரல் பார்க்கில் இரண்டரை ஏக்கரில் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ என்ற தோட்டம் 1985 அக்டோபர் 9 அன்று, அவருடைய பிறந்த நாளில், திறக்கப்பட்டது. மனைவி யோகோ ஓனோ அதற்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். தோட்டம் அமைப்பதற்கு மட்டுமல்ல, அதைப் பராமரிப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம்.

நம் முன்னோருக்கு இது புதிதல்ல. கோயிலுக்கு நந்தவனம் வைத்தவர்கள் செடியோடு நிற்கவில்லை. நந்தவனப்புறம் என்று தனியாக நிலம் விட்டார்கள். அந்த விளைச்சலில் தோட்டம் காப்பவரின் வயிறு நிறையும். அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்தவர்கள், அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். கிழ ஆடு போனாலும் குட்டி வந்து எண்ணிக்கையை நிரப்பும், நெய் நிற்காது. இறந்தவர் பேரில் ஏற்றிய விளக்குகளும் இதில் உண்டு. உத்திரமேரூரிலேயே, பல்லவர் காலத்து வயிரமேக தடாகத்தைத் தூர்வாரச் சபையிடம் பொன்னை முதலாக வைத்திருக்கிறார்கள். முதலைத் தொடக் கூடாது. வட்டியில் ஆண்டுதோறும் வேலை நடக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது. (இன்றைக்கு இந்த விதி இருந்தால் பல ஊர்களில் வேட்பாளர் பஞ்சம் வந்துவிடும்.)

மரத்தால் நினைவுகூரப்பட்டவர்களில் நடிகர் விவேக்கை மறக்க முடியாது. கலாம் கேட்டுக்கொண்டதால் கன்று நடத் தொடங்கி, ஒரு கோடி என்ற இலக்கோடு ஓடிக்கொண்டிருந்தார். 2021 ஏப்ரல் 17 அன்று அவர் மறைந்தபோது ரசிகர்கள் ஊர் ஊராகக் கன்று நட்டார்கள். அவற்றில் எத்தனை இன்று நிழல் தருகின்றன என்று அந்தந்த ஊர்க்காரர்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

உத்திரமேரூர்ப் பக்கம் நினைவுத் தோப்பு வைக்க விரும்புகிறவர்கள் திதிக்காகக் காத்திருக்காமல் பருவத்தைப் பார்ப்பது நல்லது. புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை மார்கழி வரை கன்றைப் பார்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் வரும் இரண்டு கோடைகள்தான் சோதனை. புங்கன், வேம்பு, பூவரசு, நாவல், இலுப்பை போன்றவை இந்த மண்ணுக்குப் பழகியவை. ஆடு எட்டாத உயரத்துக்குக் கூண்டு வேண்டும். பூச்செடி ஆசை இருந்தால் பக்கத்தில் கிணறோ குழாயோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரிய ஏரிகளின் கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம், பெரிய சாலைகளின் ஓரம் நெடுஞ்சாலைத் துறைக்கு. அனுமதி வாங்காமல் நட்டுவிட்டு, கரையைப் பலப்படுத்தும்போது மரம் போய்விட்டதே என்று பிறகு அழுவதில் பயனில்லை.

பள்ளி வளாகமோ ஊராட்சிப் பொது இடமோ என்றால் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக எழுதிக்கொள்ளலாம். யார் தண்ணீர் ஊற்றுவது, அவருக்குக் கூலி எந்தப் பணத்திலிருந்து, கன்று பட்டுப்போனால் யார் மாற்றி நடுவது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். குடும்பம் கொடுக்கும் தொகையில் பாதியைக் கன்றுக்கும் பலகைக்கும் செலவழிக்காமல் பராமரிப்புக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம். பலகையைச் சின்னதாக வைத்துக்கொண்டாலே கொஞ்சம் பணம் மிஞ்சும். அடுத்த சபைக் கூட்டத்தில் கன்றுகளின் கணக்கையும் கேட்கலாம்.