பேசும் பெட்டியும் நாமும்



விஞ்ஞானம் என்றதும் ராக்கெட், ரோபோ என்றே நினைக்கிறோம். நம் திருத்தணி மலையடிவாரத்துப் பூக்கடையிலும் படிக்க ஒரு பாடம் இருக்கிறது. பணம் வந்ததும் தொகையைச் சொல்கிறதே, அந்தப் பேசும் பெட்டியைத்தான் சொல்கிறேன்.

2016-ல் யு.பி.ஐ. முறை வந்தது. கூட்ட நேரத்தில் ஒவ்வொருவர் போனையும் கடைக்காரர் எட்டிப் பார்க்க முடியுமா? போலிப் படத்தைக் காட்டி ஏமாற்றியவர்களும் உண்டு. அதற்குத் தீர்வாக வந்ததே இந்தப் பெட்டி. உள்ளே ஒரு சிம் கார்டு, சிறிய கண்ட்ரோலர், பேட்டரி, ஸ்பீக்கர். பணம் செலுத்தியது உறுதியானதும் சர்வரிலிருந்து மொபைல் நெட்வொர்க் வழியாகச் செய்தி வரும். பெட்டி தொகையைச் சொல்லும். அவ்வளவுதான்!

ஆனால் மக்கள் அதை வெறும் ஸ்பீக்கராகவா பார்க்கிறார்கள்? ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நான் கவனித்தேன். பெட்டி "ஐம்பது ரூபாய்" என்றதும் பூக்கார அம்மா அதைப் பார்த்தே "சரி" என்று தலையாட்டினார். அடுத்து வந்தவருக்குப் பெட்டி பேசவில்லை. "இருங்க சாமி, பொட்டி இன்னும் சொல்லலையே!" என்றார். சித்தூர்ப் பக்கத்துக்காரரான அவர் போனை நீட்டித் தெலுங்கில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. குடும்பத்தோடு வந்தவர் எல்லார் முன்னிலையிலும் கூனிக் குறுகி நின்றார்.

இது அறியாமை என்று சிரிக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பைரன் ரீவ்ஸ், கிளிஃபோர்ட் நாஸ் இருவரும் 1996-ல் ஒரு நூல் எழுதினார்கள். ஒரு கணினியைப் பற்றி அந்தக் கணினியே கேட்டால், மக்கள் மனம் நோகாதபடி பதில் சொல்கிறார்கள். வேறு கணினி கேட்டால் அந்தத் தாட்சண்யம் குறைகிறது! நம்மோடு பேசுகிற பொருளை ஆள் போலவே நடத்துவது மனித சுபாவம் என்பது அவர்கள் முடிவு.

ஆள் போல நம்புவதால்தான் அதன் மௌனமும் சாட்சியாகிவிடுகிறது. உண்மையில் அந்த மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பணம் வரவில்லை, அல்லது சிக்னல் வரவில்லை. கூட்ட நாளில் ஒரே டவரை ஆயிரக்கணக்கான போன்கள் பங்கு போடும்போது இரண்டாவதும் நடக்கும். பத்து விநாடிக்கு மேல் பதில் இல்லாவிட்டால் மனிதன் கவனம் சிதறும் என்பது கணினித் துறையில் பழைய கணக்கு. வரிசையில் நிற்பவனுக்கோ கவனத்தோடு பொறுமையும் போய்விடும்.

ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, கணக்கில் பணம் கழிந்து கடைக்கு உறுதிச் செய்தி சேராவிட்டால் 5 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். பணம் திரும்பிவிடும். அன்று போன மானம் திரும்புமா?

நண்பர்களே! நாளை இத்தகைய கருவிகளைச் செய்யப்போவதும், பழுது பார்க்கப்போவதும் நாம்தான். சிக்னல் அறுந்தால் "இணைப்பு இல்லை, பொறுங்க" என்று கருவியே வாய் திறந்து சொல்லும்படி செய்வோம். சர்க்யூட் சரியாக இருந்தால் மட்டும் போதாது. எதிரே நிற்கும் மனிதன் தலைகுனியாமல் இருக்க வேண்டும்.