சைலம் உயிரணுவின் இறப்பு: செய்திப் பெப்டைடுகள் ஆள்வது எதனை?

தாவரத்தில் நீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் இறந்த உயிரணுக்களால் ஆனவை. குழாயாக மாறவிருக்கும் உயிரணு முதலில் தன் இரண்டாம் நிலைச் சுவரை லிக்னினால் வலுப்படுத்திக்கொள்கிறது. பின்னர் அதன் மையத்திலுள்ள பெரிய வாக்குவோல் வெடிக்க, வெளிப்படும் நொதிகள் உட்கருவையும் ஏனைய நுண்ணுறுப்புகளையும் சிதைக்கின்றன. எஞ்சுவது வெற்றுக் குழல். சின்னியா இலையின் தனித்த உயிரணுக்களை ஆக்சின், சைட்டோகைனின் ஆகியவற்றின் துணையால் இவ்வாறு மாறச் செய்யும் வளர்ப்பு முறையை ஃபுகுடாவும் கோமாமினேவும் 1980இல் வெளியிட்டனர். இத்துறையின் பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கு அதுவே அடித்தளம்.

அவ்வளர்ப்பு ஊடகத்திலிருந்தே டி.டி.ஐ.எஃப். என்னும் பெப்டைடு பிரித்தெடுக்கப்பட்டு 2006இல் அறிவிக்கப்பட்டது. இது 12 அமினோ அமிலங்களைக் கொண்டது. அவற்றுள் இரண்டு ஹைட்ராக்சிபுரோலின். அராபிடாப்சிஸில் சி.எல்.இ.41, சி.எல்.இ.44 ஆகிய மரபணுக்கள் இதனை உருவாக்குகின்றன. புளோயப் பகுதியில் தோன்றும் இப்பெப்டைடை முன்கேம்பிய உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள டி.டி.ஆர். என்னும் ஏற்பி உணர்கிறது. இதன் விளைவு இரண்டு: டபிள்யூ.ஓ.எக்ஸ்.4 வழியே உயிரணுப் பெருக்கம் தூண்டப்படுகிறது, பி.ஐ.என்.2 நொதி வழியே பி.இ.எஸ்.1 அடக்கப்பட்டு, சைலமாக வேறுபாடடைதல் தடுக்கப்படுகிறது.

இதனைக் கொண்டு டி.டி.ஐ.எஃப்.ஐ ‘இறப்பைத் தடுக்கும் பெப்டைடு’ என வகைப்படுத்துவது பொருந்தாது. அது தடுப்பது வேறுபாடடைதலை; இறப்பு அவ்வழியின் கடைசிக் கட்டம் மட்டுமே. பயணத்தையே மேற்கொள்ளாத உயிரணுவுக்கு இறுதிக் கட்டம் வாய்ப்பதில்லை.

இறப்பை நேரடியாகத் தூண்டும் பெப்டைடுக்கு எடுத்துக்காட்டு அராபிடாப்சிஸின் ஜி.ஆர்.ஐ. புரதத்திலிருந்து கிடைப்பது. இப்புரதத்தில் பிறழ்வுற்ற தாவரம் ஓசோனால் எளிதில் பாதிப்புறுவதை 2009இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மெட்டாகாஸ்பேஸ்-9 என்னும் நொதி இப்புரதத்தை வெட்ட, விடுபடும் 11 அமினோ அமிலப் பெப்டைடு பி.ஆர்.கே.5 ஏற்பியுடன் இணைகிறது என்பது 2015இல் தெளிவாயிற்று. ஆயினும் பெப்டைடு மட்டும் போதாது. சூப்பராக்சைடும் உடனிருந்தாலே உயிரணு இறக்கிறது. விலங்குகளின் காஸ்பேஸ்கள் ஆஸ்பார்டிக் அமிலத்தை அடுத்து வெட்ட, மெட்டாகாஸ்பேஸ்கள் ஆர்ஜினின் அல்லது லைசினை அடுத்து வெட்டுகின்றன. பெயரொற்றுமையைக் கொண்டு இவற்றின் செயல் ஒன்றெனக் கொள்ளலாகாது.

சைலத்திலோ இதே மெட்டாகாஸ்பேஸ்-9 வேறொரு பணியைச் செய்கிறது. வாக்குவோல் வெடித்த பின் எஞ்சிய உட்பொருளை அகற்றுவதில் அது பங்கேற்கிறது. அந்நொதி குறைந்த தாவரங்களில் குழாய் உயிரணுக்கள் இறக்கவே செய்கின்றன, துப்புரவுதான் தாமதப்படுகிறது. ஓரிடத்தில் இறப்புச் செய்தியை வெட்டித் தரும் நொதி, மற்றோரிடத்தில் இறந்த உயிரணுவைத் துப்புரவாக்குகிறது. ஆகவே ஒரு நொதியின் இருப்பை மட்டும் கொண்டு அத்திசுவில் பெப்டைடுவழி இறப்பு நிகழ்கிறது எனக் கூறவியலாது.

அளவீட்டிலும் இதே கவனம் வேண்டும். ஜி.ஆர்.ஐ. ஆய்வுகளில் இறப்பு அயனிக் கசிவால் அளக்கப்பட்டது. கசிவு சவ்வு சிதைந்ததைக் காட்டும். எவ்வழியில் சிதைந்தது என்பதைக் காட்டாது. சைல ஆய்வில் சுவர்த்தடிப்பு, வாக்குவோல் வெடிப்பு, உட்கருச் சிதைவு ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்கினால்தான், செய்திப் பெப்டைடு எக்கட்டத்தில் தலையிடுகிறது என்பது புலப்படும்.