ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டும் எட்டாத வகுப்பறையும்

எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., மெட்ரிக் பள்ளியில் பத்தாண்டு அனுபவம். இவ்வளவும் கையில் இருந்தாலும், தென்கொரியாவின் தனியார் பயிற்சி நிலையத்தில் ஆங்கிலம் கற்பிக்க விண்ணப்பித்தால் முதலில் பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழில் ஒன்று இல்லையென்றால் அந்த வேலைக்குரிய இ-2 விசா கிடைக்காது. ஏழு நாட்டுக்காரர் என்றால் தாவரவியலில் பட்டம் பெற்றவரும் ஆங்கில ஆசிரியர் ஆகிவிடலாம்.

இதில் என்னை உறுத்துவது தென்னாப்பிரிக்கா. அங்கே வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. அதனால் அந்நாட்டினரிடம், ஆங்கில வழியில் படித்ததற்கான பள்ளிச் சான்றைக் கூடுதலாகக் கேட்கிறது கொரியா. அப்படியானால் ஆங்கில வழிப் படிப்பே போதும் என்றுதானே பொருள்? எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழியில் படித்த நம் பெண்ணுக்கும் அந்தச் சான்றை அவள் பள்ளி தரும். ஆனால் அவளிடம் யாரும் கேட்கப்போவதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் படித்தால்தான் பிள்ளைக்கு உச்சரிப்பு வரும் என்று அங்குள்ள பெற்றோர் நினைக்கிறார்கள். அவர்கள் பணம், அவர்கள் விருப்பம். ஆனால் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்துத் தேறியவருக்குத்தான் மாணவன் எங்கே தடுமாறுவான் என்பது தெரியும்.

கொரியாவில் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தம், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்கள் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகச் சேர வழிவிட்டது. வேலை தேடும் நம் பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்?

துபாய், மஸ்கட், தோஹாவின் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் மாலத்தீவும் நமக்குப் பழகிய பாதைகள். பி.எட். சான்றுக்கு அங்கே மதிப்பு உண்டு, அட்டஸ்டேஷன் அலைச்சலும் உண்டு. அவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை.

என் கவலையெல்லாம் தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா பக்கம் போகிறவர்களைப் பற்றித்தான். ஏழு நாட்டு ஆசிரியர்கள் போதாத இடங்களில் பிலிப்பைன்ஸ்காரர்களையும் நம்மவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி போனால் நல்ல வேலைதான். தாய்லாந்தில் முறையான வழி இது: பள்ளி கொடுக்கும் கடிதத்தைக் கொண்டு நான்-இமிக்ரன்ட் பி விசா எடுக்க வேண்டும். பிறகு வொர்க் பர்மிட். அதோடு ஆசிரியர் உரிமம் அல்லது அதிலிருந்து தற்காலிக விலக்கு. எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு வந்த பிறகு, டிக்கெட் எடுத்தால் பாங்காக்கில் இறங்கிவிடலாம் என்ற நிலை. "இப்ப டூரிஸ்டா போங்க மேடம், அங்க போய் மாத்திக்கலாம்" என்கிறார் ஏஜென்ட்.

மாற்றித் தராவிட்டால்? வொர்க் பர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், இரண்டு ஆண்டுகளுக்கு வொர்க் பர்மிட் தடை. நாள் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் தனி. சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தாலும் நிர்வாகத்திடம் வாய் திறக்க முடியாது, ஏனென்றால் காகிதத்தில் அவர் சுற்றுலாப் பயணி. நகையை அடகு வைத்துப் போனவர் எந்த முகத்தோடு ஊர் திரும்புவார்?

இன்னொன்றும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காத கொத்தனார் வளைகுடாவுக்குப் போனால், நம் அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே அனுமதி தருகிறது. எம்.ஏ., பி.எட். படித்தவர் ஈ.சி.என்.ஆர். பிரிவு. அந்த அனுமதி அவருக்குத் தேவையில்லை, எனவே அவருடைய ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. படித்தவர் தானே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்ற வரம்பு இருக்கிறது. அவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். லட்சக்கணக்கில் கேட்கிறவரின் பெயரை அங்கே தேடிப் பார்த்துவிட்டு, பிறகு பேசுங்கள். பள்ளியின் கடிதமும் விசாவும் கைக்கு வரும்வரை இப்போதுள்ள வேலையை விடாதீர்கள்.