தீர்ப்பு மட்டும் போதாது

டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே பார்ப்போம், அவசரம் இல்லை. அமெரிக்காவில் ஒரு தம்பதி விவாகரத்து செய்கிறார்கள். ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த பணம் எப்படிப் பிரிகிறது? நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே வேலை பார்ப்பதால், இது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

முதலில் பணம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அங்கே தனியார் நிறுவனங்களில் 401(கே) என்றொரு கணக்கு உண்டு. ஏறக்குறைய நம்மூர் பி.எஃப். மாதிரிதான். சம்பளத்தில் ஒரு பகுதி அதில் போகும். பல நிறுவனங்கள் தம் பங்காகவும் கொஞ்சம் போடும். கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கும். ஆனால் திருமணக் காலத்தில் சேர்ந்த பணம் இருவருக்கும் உரியது என்றே மாநிலச் சட்டங்கள் பொதுவாகக் கருதுகின்றன. ஒருவர் வேலைக்குப் போக, மற்றவர் வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கில் 2,00,000 டாலர் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தது 50,000. அந்த 50,000 வளர்ந்த லாபத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். பங்குக்கு வருவது 1,50,000. கலிஃபோர்னியாவில் அதில் சரிபாதி, அதாவது 75,000. நியூயார்க் போன்ற மாநிலங்களில் நீதிபதி இருவர் நிலைமையையும் பார்த்து நியாயமாகப் பிரிப்பார். அது சரிபாதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது இதற்கு அடுத்த படியைத்தான். “தீர்ப்பிலேயே 75,000 எனக்கு என்று எழுதியாகிவிட்டது, பணம் வந்துவிடும்” என்று நினைக்கிறோம். வராது. 1974-இல் வந்த எரிசா என்ற மத்தியச் சட்டம், ஊழியரின் ஓய்வூதியப் பணத்தை வேறு யாரும் எடுக்க முடியாதபடி பூட்டி வைத்தது. விவாகரத்தானவர்களுக்காக 1984-இல் ஒரு வழி திறந்தார்கள். அதன் பெயர் கியூ.டி.ஆர்.ஓ.

பூட்டி வைத்த அந்தக் கணக்கை வங்கி லாக்கர் போல நினைத்துக்கொள்ளலாம். நம் சாவியோடு வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் லாக்கர் திறக்கும். இங்கேயும் நீதிமன்றம் கியூ.டி.ஆர்.ஓ. என்ற தனி உத்தரவைப் போட வேண்டும். இருவர் பெயர், முகவரி, எந்தத் திட்டம், எவ்வளவு தொகை அல்லது எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு ஓய்வூதியத் திட்டத்தின் நிர்வாகி அதைப் படித்து, விதிகளுக்குப் பொருந்துகிறது என்று ஏற்க வேண்டும். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வழக்கு. டூபான்ட் நிறுவன ஊழியர் ஒருவருக்கு 1994-இல் விவாகரத்து ஆனது. அவருடைய ஓய்வூதியச் சேமிப்பில் தனக்கு உரிமை வேண்டாம் என்று மனைவி தீர்ப்பிலேயே விட்டுக்கொடுத்திருந்தார். கணவரோ நாமினி படிவத்தை மாற்றவே இல்லை. 2001-இல் அவர் இறந்தார். சுமார் 4 லட்சம் டாலர் முன்னாள் மனைவிக்கே போனது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. படிவத்தில் உள்ள பெயருக்குக் கொடுத்தது சரியே என்று 2009-இல் தீர்ப்பாயிற்று.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். வழக்கமாக 59½ வயதுக்கு முன் பணத்தை எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீதம் அபராதமும் உண்டு. கியூ.டி.ஆர்.ஓ. உத்தரவின்படி 401(கே)-யிலிருந்து நேராக எடுக்கும் முன்னாள் துணைக்கு அந்த அபராதம் இல்லை, வரி மட்டும்தான். ஐ.ஆர்.ஏ. என்ற சொந்தச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டு அங்கிருந்து எடுத்தால் இந்தச் சலுகை போய்விடும். அதனால் கைச்செலவுக்குப் பணம் தேவைப்படுபவர் மாற்றுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இந்த நிலையில் இருந்தால், தீர்ப்பு வந்ததா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கியூ.டி.ஆர்.ஓ.வை நிர்வாகி ஏற்றுக்கொண்டாரா, நாமினி பெயரை மாற்றியாயிற்றா என்றும் கேளுங்கள்.